இன்ஜினை அணைத்த பிறகு

ஜனவரி 6

அக்கா,

நான்தான். பார்சலுக்குள் இருக்கும் பைப்பைத் தொடாதே, கை கறுப்பாகும். முதலில் இதைப் படி.

ஆறு மாதமாகப் போன் செய்து பார்த்துவிட்டேன். நீ எடுக்கப் போவதில்லை என்று புரிந்துவிட்டது. அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் பேசியது அதிகம்தான். "அக்கா கம்பெனி இன்ஜினுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும், கேரண்டி முடிஞ்ச மறுநாளே கரெக்டா படுத்துக்கும்" என்று அப்பாவின் நண்பர்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. எல்லோரும் சிரித்தார்கள். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். அதற்கு மன்னிப்பு நேரில் கேட்கிறேன். இந்தக் கடிதம் தொழில் விஷயம்.

ஆறு வாரத்தில் என் ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று கார்கள் வந்தன. மூன்றும் உங்கள் எட்டு சிலிண்டர் இன்ஜின், இரண்டு டர்போவும் இன்ஜினின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்குமே, அதே மாடல். மூன்றிலும் டர்போ தேய்ந்து தொங்கிவிட்டது. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் சின்ன பைப்பை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன், பார். பென்சில் நுழைய வேண்டிய இடத்தில் இப்போது குண்டூசிதான் நுழையும். மிச்சமெல்லாம் கரி.

உங்கள் சர்வீஸ் ஆட்கள் மூன்று பேருக்கும் ஒரே பதிலைக் கொடுத்திருக்கிறார்கள்: ஓனர் நேரத்துக்கு ஆயில் மாற்றவில்லை. இந்த பைப் ஒரு பல் டாக்டரின் காரிலிருந்து எடுத்தது. அந்த மனுஷர் ஆயில் மாற்றிய ரசீதையெல்லாம் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். ரசீதுக்குக்கூட பல் விளக்கிவிடுவார் போல.

அந்த இன்ஜினுக்கு "நம்பலாம்" என்று கையெழுத்துப் போட்டவள் நீ. அதனால் வேறு யாருக்கும் அனுப்பாமல் உனக்கு அனுப்புகிறேன்.

மூக்கன்

(நீ வைத்த பெயர்தான். பைப்பை மோந்து பார்த்துவிட்டுத்தான் அறுத்தேன்.)

ஜனவரி 19

தம்பிக்கு,

பார்சல் கிடைத்தது. சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். மேசைத்துணி போயிற்று.

நீ அறுத்து அனுப்பிய பைப் சாட்சியாகாது. எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டர், யார் ஓட்டினார்கள், எதுவும் தெரியாமல் ஒரு பைப்பை வைத்து ஒரு இன்ஜினைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் டெஸ்ட் அறையில் அந்த இன்ஜினை முழுச் சுமையில் ஓட்டி, திடீரென்று நிறுத்தி, மறுபடி கிளப்பி, அப்படி ஆயிரத்து இருநூறு தடவை செய்தோம். பிறகு பிரித்துப் பார்த்தபோது இந்த பைப் உள்ளே பளபளவென்று இருந்தது. படம் என்னிடம் இருக்கிறது.

மூன்று கார்களைப் பார்த்துவிட்டு நீ பேசுகிறாய். நான் ஆயிரத்து இருநூறு முறை பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் உனக்கே தெரியும். பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வரும். இப்படியே எழுது. எழுதும்போது உனக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு, மரியாதையோடு,

கேட்ட விவரம் எல்லாம் தனித்தாளில் இருக்கிறது. ஆயில் பெயர், கிலோமீட்டர், சர்வீஸ் தேதி. இன்னும் இரண்டு கார் சேர்ந்து ஐந்தாகிவிட்டது. ஆனால் உன்னைக் குழப்பப் போவது அந்தத் தாள் இல்லை. ஆறாவதாக ஒரு கார் வந்தது, அதில் எந்தக் கோளாறும் இல்லை.

அது ஒரு கட்டட காண்டிராக்டருடையது. மற்ற ஐந்தையும்விட மூன்று மடங்கு ஓடியிருக்கிறது. காரை அவர் ஓட்டும் விதத்தைப் பார்த்தால் நீ அழுதுவிடுவாய். ஆயிலும் நேரத்துக்கு மாற்றுவதில்லை. டயர் மாற்றத்தான் வந்தார். சந்தேகத்தில் அந்த பைப்பைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தம். டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் வருகிறது.

எனக்குத் தலை சுற்றியது. ஆசை ஆசையாக வைத்துக்கொள்கிறவர்களின் கார் சாகிறது, அடித்து ஓட்டுகிறவரின் கார் பிழைக்கிறது. இரண்டு நாள் யோசித்துவிட்டு காண்டிராக்டரின் டிரைவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"முதலாளி இறங்கினதும் நீங்க என்னண்ணே செய்வீங்க?"

"என்ன செய்வேன், ஏசியைப் போட்டுட்டு சீட்டைச் சாய்ச்சுடுவேன். அவர் உள்ளே போனா ஒரு மணி நேரம் ஆகும்."

"இன்ஜின் ஓடுமா?"

"ஓடாம ஏசி எப்படி வரும்?"

பிறகு பல் டாக்டரைக் கேட்டேன். அவர் வீடு மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிறது. செங்குத்தாக ஏறி வந்து, நேராக ஷெட்டில் விட்டு, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, உடனே காருக்கு மேல் உறை போட்டுவிடுவாராம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கனமான உறை. தூசி படக் கூடாதாம். "குழந்தை மாதிரி பாத்துக்கிறேனே தம்பி" என்று கண்கலங்குகிறார். கொதிக்கிற இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தித் தூங்க வைத்திருக்கிறார்.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: "டாக்டர், ஓடுற எண்ணெய்க்கு ஒண்ணும் ஆகாது. சூட்டை எடுத்துக்கிட்டுப் போயிடும். நின்ன எண்ணெய்தான் கருகும். அடுப்பை அணைச்சாலும் இரும்புச் சட்டி கொஞ்ச நேரம் பொரிச்சுக்கிட்டே இருக்கும் பாருங்க, அதுதான்."

ஆக, இன்ஜின் ஓடும்போது தப்பு நடக்கவில்லை. அணைத்த பிறகு நடக்கிறது. இதை நீ உங்கள் அறையில் பார்த்திருக்க வேண்டுமே, ஏன் பார்க்கவில்லை? மூன்று கேள்வி. ஒன்று, டெஸ்டில் என்ன ஆயில் ஊற்றினீர்கள்? இரண்டு, கடைசிக்கு முன்னால் எப்போதாவது பைப்பைக் கழற்றினீர்களா? மூன்று, இன்ஜினை நிறுத்தியதிலிருந்து மறுபடி கிளப்பும்வரை அந்த அறைக்குள் என்ன நடக்கிறது?

நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் கதவு மூடியே இருக்கும். உள்ளே போனால் உலை. எனக்குத் தெரியாதா?

மூக்கன்

பிப்ரவரி 15

தம்பிக்கு,

தாள் தெளிவாக இருந்தது. இதை நீ பள்ளிக்கூடத்தில் செய்திருந்தால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் வந்திருக்காது.

முதல் கேள்வி: கடையில் விற்கும் அதே ஆயில்தான். இரண்டாவது: இல்லை, கடைசியில் ஒரே ஒரு முறைதான் கழற்றினோம். மூன்றாவது: விதிமுறைப்படி நடக்கிறது.

இங்கே வேலை அதிகம். இதே இன்ஜினின் அடுத்த மாடல், இன்னும் சக்தி கூட்டியது, மார்ச் 31-க்குள் நான் கையெழுத்துப் போட்டால் உற்பத்திக்குப் போகும். போட்டதும் என்னைத் துணை டைரக்டராக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் இப்போது சொல்லாதே.

உன் முழங்கைத் தழும்பு குளிர் நாளில் இன்னும் இழுக்கிறதா? கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

இழுக்கிறது. அதை விடு.

"விதிமுறைப்படி" என்பது பதிலா? பத்தாவதில் மார்க் எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு "பாஸ் மார்க்" என்று நான் சொன்ன மாதிரி இருக்கிறது. உனக்கு ஒளிக்கத் தெரியாது. ஒளித்தால் உடனே உடம்பைப் பற்றி விசாரிப்பாய்.

நேற்று ஏழாவது கார் வந்தது, லாரியில் ஏற்றி. ஓட்டியது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவர் கணவருடைய கார். இருவழிச் சாலையில் ஒரு பஸ்ஸை முந்தும்போது டர்போ உடைந்து சக்தி போய்விட்டது. பின்னால் ஒரே புகை, எதிரே லாரி. லாரிக்காரர் மண்ணில் இறக்கி ஒதுக்கியதால் பிழைத்தார்கள். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். அந்த அம்மா என் ஆபீஸ் நாற்காலியில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுது.

மூக்கன்

மார்ச் 2

அன்புள்ள மூக்கனுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

இன்ஜினை நிறுத்திய அதே கணம் அறையில் பெரிய ஊதுகாற்றாடி ஓட ஆரம்பிக்கும். சுவர் அகலம் இருக்கும். ஆறு நிமிடத்தில் அறை குளிர்ந்துவிடும். ஆட்கள் உள்ளே போய் ஆயில் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வெளியே வந்ததும் மறுபடி கிளப்புவார்கள். ஆயிரத்து இருநூறு தடவையும் அப்படித்தான். அந்த இன்ஜின் ஒரு தடவைகூடத் தன் சூட்டில் தானே கிடக்கவில்லை.

நீ இருந்த காலத்தில் காற்றாடி கிடையாது. நீ போன பிறகு வந்தது. அதைக் கொண்டுவந்தது நான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீ அந்த அறைக்குள் மயங்கி, கையைச் சூட்டுக் குழாய்மேல் போட்டுக்கொண்டு விழுந்தாயே, அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம், டெஸ்டை நடத்தும் மேசையில் இருந்தது நான். உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மூன்று நாள் நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. டெஸ்ட் தாமதமாகிறதே என்று அக்கா ஆபீஸிலேயே கிடக்கிறாள் என்று நீ அம்மாவிடம் சொன்னதாகத் தெரியும். நான் மறுக்கவில்லை. ஆபீஸில்தான் கிடந்தேன். அந்த மூன்று நாளும் காற்றாடிக்கான வரைபடமும் விதிமுறைத் தாளும் தயார் செய்துகொண்டிருந்தேன். இனி ஒருவரும் அந்தச் சூட்டுக்குள் போகக் கூடாது என்று பைத்தியம் பிடித்த மாதிரி எழுதினேன். எங்கள் தாளில் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "ஒரு டெக்னீஷியன் மயங்கி விழுந்தார்" என்று எழுதினேன். தம்பி என்று எழுதக் கட்டத்தில் இடம் இல்லை.

அப்போது டர்போ இன்ஜினுக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தது, காற்றாடியால் டெஸ்டுக்குப் பாதகம் வரவில்லை. பிறகு டர்போ, சூடு வெளியேற வழியில்லாத நடுப் பள்ளத்துக்கு வந்தது. விதிமுறைத் தாள் மட்டும் அப்படியே இருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தாளை நான் சந்தேகப்பட்டதே இல்லை. நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "ஐம்பது நிமிடம் காத்திருந்து, ஆறிய பிறகு உள்ளே போங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் போதும். ஆட்களுக்கும் சூடு பட்டிருக்காது, இன்ஜினும் கார் ஷெட்டில் கிடப்பது போலவே கிடந்திருக்கும். ஆனால் ஒரு தடவைக்கு ஐம்பது நிமிடம் என்றால் டெஸ்ட் முடிய மாதங்கள் ஆகும். டைரக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு செய்து, கேட்காமலே விட்டுவிட்டேன். ஆக, நீ அம்மாவிடம் சொன்னதில் பாதி உண்மைதான்.

அன்று மைக்கில் உன்னை உள்ளே போகச் சொன்னேனா என்றுகூட எனக்கு இப்போது சரியாக ஞாபகம் இல்லை. நீ வீட்டில் எல்லோரிடமும் "அக்காதான் அனுப்பினாள்" என்று சொன்னாய். வேகமாக முடிக்க வேண்டும் என்ற நினைப்பில் நான் சொல்லியிருப்பேன் என்று நானும் நம்பிவிட்டேன்.

நாளை மறுநாள் புது இன்ஜின் ஒன்றை ஏற்றி, காற்றாடியை அணைத்துவிட்டு, மூன்று ஷிஃப்ட்டும் ஓட்டப் போகிறேன். யாரிடமும் சொல்லாதே. அந்த ஆசிரியை எப்படி இருக்கிறார்?

அக்கா

மார்ச் 8

அக்கா,

ஆசிரியை பரவாயில்லை. பிள்ளைகளை பஸ்ஸில் அனுப்புகிறார்.

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே வந்ததும் மெக்கானிக் "கண்ணுல என்ன பாஸ்?" என்றான். பிரேக் கிளீனர் பட்டுவிட்டது என்றேன்.

டெஸ்டில் பைப் அடைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் உன் பெயரைப் போடாதே. "நடைமுறையில் மாற்றம் தேவை" என்று எழுது, அது போதும். கார்களைத் திருப்பிக் கூப்பிட்டால் சரிதானே? எல்லாப் பாரத்தையும் உன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. துணை டைரக்டர் பதவியை அப்பாவிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கேட்டதிலிருந்து அவர் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பேசுகிறார். மன்னித்துவிடு.

வேறு ஒன்று எழுத வேண்டும். இப்போது வரவில்லை.

மூக்கன்

மார்ச் 27

அன்புள்ள மூக்கனுக்கு,

இதோடு ஒரு பைப் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை உன் மேசைத்துணி போகட்டும்.

முந்நூற்றுப் பதினோராவது தடவை ஆயில் அழுத்தம் விழுந்தது. நிறுத்திப் பிரித்தோம். உன் பல் டாக்டரின் பைப்பையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. ஷிஃப்ட் ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே ஐம்பது ஐம்பது நிமிடமாகக் காத்திருந்தார்கள். பதினைந்து நாளில் ஒருவர் ஸ்வெட்டர் ஒன்று பின்னி முடித்துவிட்டார்.

டைரக்டரிடம் கொண்டுபோனேன். பைப்பைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கெட்டவர் இல்லை. பிறகு, "காரணம்னு இருக்கிற இடத்துல நடைமுறைக் குறைபாடுன்னு போடும்மா. பேர் எதுக்கு? உன்னைத் துணை டைரக்டரா போட எல்லாம் தயாரா இருக்கு" என்றார். கிட்டத்தட்ட நீ எழுதிய அதே வாக்கியம். நீங்கள் இருவரும் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதினீர்களோ என்று நினைத்தேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். "நடைமுறை" என்று எழுதினால், பத்து வருஷம் கழித்து அந்தத் தாளைப் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு விதியைப் போட்டார், அதைத் திரும்பிப் பார்க்க மறந்தார் என்று தெரிந்தால்தான் அவர் தன் விதியையும் திரும்பிப் பார்ப்பார். அதனால் என் பெயரைப் போட்டேன். காற்றாடி விதியை எழுதியவர், அதை மறு ஆய்வு செய்யாமல் விட்டவர் என்று இரண்டு இடத்தில்.

புது மாடல் நிறுத்தப்பட்டது. பழைய கார்களை எல்லாம் திருப்பிக் கூப்பிட்டு, பைப்பை மாற்றி, சூடு தடுக்கும் உறையோடு பொருத்தித் தரப் போகிறார்கள். அடுத்த வாரம் அறிவிப்பு வரும். ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு டெஸ்ட் அறை கிடையாது. புகார்ப் பிரிவில் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். உன்னைப் போன்ற ஆட்கள் அனுப்பும் அழுக்குப் பார்சல்களைப் பிரிப்பதுதான் வேலை. ஒரு வாரம் வருத்தமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது.

கிளம்பும் முன் ஒரே ஒரு வேலை செய்தேன். பழைய விதித் தாளை எடுத்துவிட்டுப் புதிது ஒட்டினேன். "இன்ஜின் நின்றபின் ஐம்பது நிமிடம் யாரும் உள்ளே போகக் கூடாது. காற்றாடியைப் போடக் கூடாது." அவ்வளவுதான். பழைய தாளை உனக்கு வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் பதவி விஷயத்தை நீயே சொல்லிவிடு. உளறியவன் நீதானே.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

அப்பாவிடம் சொன்னேன். போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனேன். இரண்டு விஷயம் சொன்னேன். முதலாவது உன் பதவி விஷயம், அதைக் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "பேரைப் போட்டாளா? போடுவா" என்று மட்டும் சொன்னார். மறுபடி தெருவில் ஆட்களை நிறுத்த ஆரம்பித்துவிட்டார், இந்த முறை விஷயம் வேறு.

பல் டாக்டருக்கு அறிவிப்புக் கடிதம் வந்துவிட்டது. சட்டம் போட்டு மாட்டுவார் போலிருக்கிறது. காருக்கு உறை போடுவதை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் போனட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம். அவர் மனைவி என்னை ஏசுகிறார்.

இனி அப்பாவிடம் சொன்ன இரண்டாவது விஷயம். போன மாதம் எழுத வரவில்லை என்றேனே, அது.

அன்று நீ மைக்கில் என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இல்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது. நான் கதவில் கை வைத்திருந்தேன். உள்ளே எவ்வளவு சூடு என்று மீட்டரில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற புது ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ எழுந்து நின்று மைக்கைப் பிடித்தாய். தெளிவாகக் கேட்டது.

"இருடா, ஆறட்டும். அப்புறம் போகலாம்" என்றாய்.

அக்கா சொல்லி நின்றான் என்று அந்த இரண்டு பேர் சிரிப்பார்களே என்று, கேட்காதது போல உள்ளே போனேன். விழுந்து எழுந்த பிறகு, வெட்கத்தில் அம்மாவிடம் மாற்றிச் சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. நீ மறுக்காமல் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. பதினொரு வருஷம் அந்தப் பழி உன்மேல் இருந்தது, நான் இறக்கி வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உன்னை எல்லோர் முன்னாலும் கேலி செய்ததும் அதே தைரியத்தில்தான்.

புது விதித் தாளில் நீ எழுதியது, அன்று நீ எனக்குச் சொன்னதேதான். நான் கேட்டு நின்றிருந்தால் காற்றாடியே வந்திருக்காது. உன் ரிப்போர்ட்டில் "காரணம்" கட்டத்தில் இன்னும் இடம் இருந்தால் என் பெயரையும் போட்டுக்கொள். தம்பி என்றே போடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். இரண்டாவது நிமிடம் சண்டை வந்தாலும் பரவாயில்லை, எடு.

தம்பி